என் ஓட்டுக்கு எதிரில் இருந்தவர்

ஓட்டுப் போடாத விரலைக் கண்டால் அவருக்குச் சோறு இறங்காது. வாக்குப்பதிவு நாளில் யாருடைய முகத்தையும் அவர் பார்க்க மாட்டார். நேராக இடது கை ஆள்காட்டி விரலுக்குத்தான் பார்வை போகும். மை இருந்தால் ஒரு சிரிப்பு. இல்லையென்றால், "ஏனுங்க, இன்னும் போகலீங்களா?"

அந்தக் கேள்வியிலிருந்து, கேரள எல்லைக்குள் இருக்கும் நல்லேப்பிள்ளியில், எங்கள் வார்டுக்காரர்கள் யாரும் தப்பியதாக எனக்கு நினைவில்லை. வயிற்றுப்போக்கு என்று ஒருவர் சொல்லிப் பார்த்தார். பூத் இருந்த பள்ளிக்கூடத்தின் கக்கூஸில் தண்ணீர் நிரப்பி, அவர் ஒருவருக்காக அதைப் பூட்டி, சாவியோடு அவர் வீட்டு வாசலுக்கே வந்துவிட்டார் நம் ஆள். கல்யாண மேடைக்குப் போகிற வழியில் ஒரு மணப்பெண்ணின் காரை மறித்து, மாலையோடு வரிசையில் நிறுத்தியதும் அவர்தான். முகூர்த்தம் தப்பிவிடும் என்று பெண்ணின் தகப்பனார் கத்தினார். "பூத்து அஞ்சு நிமிஷமுங்க, கல்யாணம் ஆயுசுக்கும் இருக்குதுங்களே" என்று இவர் பதில் சொன்னார்.

அவர் தன் கட்சிக்குப் பூத் ஏஜென்ட். நான் என் கட்சிக்கு. எய்டட் பள்ளியில் கணக்கு வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். ஊரில் எல்லோருக்கும் 'மாஷ்'. வாக்காளர் பட்டியலோடு ஒரே பெஞ்சில் பக்கத்தில் பக்கத்தில் உட்காருவோம். யார் வந்தார், யார் வரவில்லை என்று நான் டிக் போட்டுக்கொண்டே போவேன். டிக் விழாத பெயர்களை எட்டிப் பார்த்து வைத்துக்கொண்டு, மத்தியானம் அவர் வேட்டையைத் தொடங்குவார்.

இதில் விசேஷம் என்னவென்றால், விழாத ஓட்டு எந்தக் கட்சியுடையது என்று அவர் பார்க்க மாட்டார்.

ஒரு முறை எங்கள் கட்சிக் கிழவர் ஒருவர் இடுப்பொடிந்து படுக்கையில் கிடந்தார். அவரைக் கொண்டுவர எங்களுக்கு வண்டி கிடைக்கவில்லை. விட்டுவிட்டோம். நாலரை மணிக்கு ஒரு டிராக்டர் பள்ளிக்கூட மைதானத்துக்குள் நுழைந்தது. டிரெய்லரில் கயிற்றுக் கட்டில். கட்டிலில் கிழவர். கட்டிலின் கால்மாட்டைப் பிடித்தபடி நம் ஆள்.

அந்தத் தேர்தலில் எங்கள் கட்சி ஒரே ஒரு ஓட்டில் ஜெயித்தது.

மறுநாள் அவருடைய கட்சியின் வார்டு செயலாளர் அவர் வீட்டுக்கு வந்து கத்தியது நாலு வீடு தள்ளி எனக்குக் கேட்டது.

"ஏனுங்க, நீங்க எந்தக் கட்சிக்காரருங்க?"

"நம்ம கட்சிதானுங்க."

"அப்புறம் எதுக்குங்க அந்த ஆளைக் கட்டிலோட தூக்கிட்டு வந்தீங்க?"

"அவரால நடக்க முடியாதுங்களே."

செயலாளர் செருப்பைக்கூடச் சரியாக மாட்டாமல் போய்விட்டார். அடுத்த தேர்தலில் இவரை ஏஜென்டாகப் போடக் கூடாது என்று அவர்கள் கட்சியில் தீர்மானம் கொண்டுவந்தார்கள். தீர்மானத்தை ஆதரிப்பவர்களையும் எதிர்ப்பவர்களையும் வீடு வீடாகப் போய் இவரே அழைத்துவந்தார்; எல்லோரும் வந்ததால் தீர்மானம் தோற்றது.

எனக்கே ஒரு முறை நடந்தது. காய்ச்சல். பெஞ்சில் எனக்குப் பதில் வேறொருவரை உட்காரச் சொல்லிவிட்டுப் போர்த்திக்கொண்டு படுத்திருந்தேன். என் ஒரு ஓட்டு இல்லாவிட்டால் ஒன்றும் ஆகாது என்று மனதுக்குள் கணக்கும் போட்டு வைத்திருந்தேன். ஆட்டோ வந்து நின்றது.

"எந்திரிங்க மாஷே."

"உங்களுக்கு லாபம்தானுங்களே? உங்க கட்சிக்கு எதிரா ஒரு ஓட்டுக் குறையுதில்ல?"

"நல்லாருக்குதுங்க நீங்க பேசறது. நீங்க வரலைன்னா என்ற ஓட்டுக்கு எதிர்ல யாருங்க இருக்கா?"

கம்பளியோடு போய் ஓட்டுப் போட்டுவிட்டு வந்தேன். அந்தக் கம்பளி ஆட்டோவிலேயே போய்விட்டது, இன்றுவரை கிடைக்கவில்லை.

இப்படிப்பட்டவருக்கு ஒரே மகள். நர்ஸ். ஆஸ்திரேலியாவில், நகரங்களிலிருந்து வெகுதூரம் உள்ள ஒரு சின்ன ஊரின் ஆஸ்பத்திரியில் பிரசவ வார்டில் வேலை. மருமகனுக்கு அதே ஊரில் ஒரு பாதாம் தோட்டத்தில் தண்ணீர் பாய்ச்சும் மேற்பார்வை. இருவரும் அந்நாட்டுக் குடியுரிமை வாங்கிய கையோடு ஒரு மாத லீவில் ஊருக்கு வந்திருந்தார்கள். வந்த நேரம், அவர்கள் தொகுதியின் பார்லிமென்ட் மெம்பர் ராஜினாமா செய்து, அங்கே இடைத்தேர்தல் அறிவித்துவிட்டார்கள். இடைத்தேர்தலுக்கு எங்கள் ஊரில் உபதெரஞ்செடுப்பு என்று பெயர். அந்தச் சொல் மகள் வாயிலிருந்து வந்ததும் அவர் கையிலிருந்த காபி டம்ளரைக் கீழே வைத்தார். நான் பக்கத்தில்தான் இருந்தேன்.

"கண்ணு, அப்ப உன்ற ஓட்டு?"

"வெளிநாட்டுல இருந்தா ஃபைன் இல்லீங்கப்பா."

"என்னது, ஃபைனா?"

அங்கே ஓட்டுப் போடாவிட்டால் அபராதம் கட்ட வேண்டும், அதனால் கிட்டத்தட்ட எல்லோரும் அவரவரே போய்ப் போட்டுவிடுவார்கள் என்று மகள் விளக்கினாள். அவர் என்னைப் பார்த்து, "அப்ப அங்க நம்மளையாட்ட ஆளுங்களுக்கு வேலையே இல்லீங்களா மாஷே?" என்றார்.

மகளுக்கு அந்தத் தேர்தல் விளையாட்டு அல்ல. அவள் வேலை பார்க்கும் பிரசவ வார்டை மூடிவிடப் போவதாகப் பேச்சு. மூடினால் அவளுக்கு நாலு மணி நேரத் தூரத்தில் உள்ள நகரத்துக்கு மாற்றல். வலி எடுத்த பெண்களும் அந்த நாலு மணி நேரத்தைக் காரில்தான் கடக்க வேண்டும். சுயேச்சையாக நின்ற ஓர் அம்மாள் மட்டும்தான் வார்டை மூட விடமாட்டேன் என்று சொல்லிக்கொண்டிருந்தார். மகளின் ஓட்டு அவருக்கு.

மருமகனின் ஓட்டு வேறொருவருக்கு. வாய்க்காலில் கூடுதல் தண்ணீர் வாங்கித் தருவேன் என்று ஒரு விவசாயி நின்றார். மருமகனோ ஆளியாற்றுத் தண்ணீருக்காகத் தலைமுறையாகச் சண்டை போட்ட குடும்பத்துப் பிள்ளை. எந்தக் கண்டத்துக்குப் போனாலும் தண்ணீர்தான் அவன் கட்சி.

நம் ஆளின் தொல்லை தாங்காமல் இருவரும் தபால் ஓட்டுக்கு விண்ணப்பித்தார்கள். வாக்குப்பதிவுக்கு மூன்று நாள் இருக்கும்போது உறைகள் வந்து சேர்ந்தன. சீட்டை மேசையில் விரித்து நாங்கள் எல்லோரும் சுற்றி நின்று பார்த்தோம். ஏழு பெயர்கள், ஏழு கட்டங்கள். பிடித்தவருக்கு ஒன்று, அடுத்தவருக்கு இரண்டு என்று ஏழு வரை எழுத வேண்டும். எண்ணும்போது கடைசியில் வருகிறவரை நீக்கிவிட்டு, அவருடைய சீட்டுகள் ஒவ்வொன்றையும் அதில் இரண்டு என்று எழுதப்பட்டவருக்குக் கொடுப்பார்கள். ஒருவர் பாதியைத் தாண்டும் வரை இப்படியே.

"எதுத்து நிக்கறவனுக்குமா நம்பர் போடணும்?" என்றார் அவர்.

"ஒரு கட்டத்தைக் காலியா உட்டாலும் அசாதுங்கப்பா."

செல்லாத ஓட்டுக்கு எங்கள் பக்கத்தில் அசாது என்போம். அவர் வாழ்க்கையில் வெறுத்த சொல் அது ஒன்றுதான்.

அடுத்த சிக்கல், சாட்சி. உறைமேல் வாக்காளர் கையெழுத்துப் போடுவதை அந்நாட்டு வாக்காளர் ஒருவர் நேரில் பார்த்து, தானும் கையெழுத்துப் போட வேண்டும். ஆள் கிடைக்காவிட்டால் பாஸ்போர்ட்டின் நகலை இணைத்தால் போதும் என்றாள் மகள்.

"ஜெராக்ஸ் எப்படி கண்ணு சாட்சி சொல்லும்? அதுக்குக் கண்ணு இருக்குதா?" என்று கேட்டுவிட்டு, அவர் சட்டையை மாட்டிக்கொண்டு டாக்சி ஸ்டாண்டுக்குக் கிளம்பிவிட்டார். ஒரு மணி நேரத்தில் டிரைவர் ஒருவருடன் திரும்பி வந்தார்.

"நேத்துத்தானுங்ணா கோயமுத்தூர் ஏர்போர்ட்ல இருந்து ஒரு ஆஸ்திரேலியாக்காரரைக் கொண்டுபோய் மூணாறு தாண்டிச் சின்னக்கானல்ல ஒரு ரிசார்ட்ல உட்டேன்" என்றார் டிரைவர். "நாளன்னைக்குக் கெளம்பிருவாருங்க."

மறுநாள் விடியலில் ஐந்து பேர் ஒரு காரில் புறப்பட்டோம். நான் எதற்கு என்று கேட்டேன். எதிர்க்கட்சி ஏஜென்ட் இல்லாமல் ஓட்டுப்பதிவு நடத்துவது முறையல்ல என்றார். பயணத்துக்கான மாத்திரைகளை எண்ணி எடுத்து வைத்துக்கொண்டேன். கேரளத்திலிருந்து கேரளத்துக்குப் போக நடுவில் தமிழ்நாட்டுக்குள் நுழைந்து வெளியே வர வேண்டும்: பொள்ளாச்சி, உடுமலை, சின்னாறு, மறையூர், மூணாறு. வளைவுகளை எண்ணத் தொடங்கி, குமட்டல் வந்ததும் விட்டுவிட்டேன். பிரேக்கிலிருந்து ஒரு வாசனை வந்தது. எனக்கு மட்டும்தான் வந்தது என்றார்கள்.

பின்சீட்டில் கணவனும் மனைவியும் எனக்கு இரண்டு பக்கமும்.

"உன்ற ஆளுக்கு ஏழாம் நம்பர்தான்" என்றான் மருமகன்.

"போடுங்க. உங்க ஆளுக்கு நான் எட்டுப் போடறேன்."

"ஏழு கட்டம்தான் இருக்குது."

"இன்னொண்ணு வரைஞ்சு போடறேன்."

"மாப்ள, வெளிய சொல்லக் கூடாதுங்க, ரகசிய ஓட்டு" என்று முன்சீட்டிலிருந்து அவர்.

எனக்குப் பொறுக்கவில்லை. "ஏனுங்க, ஒருத்தர் ஓட்டை ஒருத்தர் ஓட்டு கழிச்சிருது. மிச்சம் பூஜ்யம். ரெண்டு பேரும் போடாம ஊட்டுல இருந்தாலும் அதே கணக்குத்தானுங்களே? பூஜ்யத்துக்காகவா இந்த மலை ஏறறோம்?"

அவர் உடம்பையே திருப்பிப் பின்னால் பார்த்தார். "மாஷே, அப்படிப் பாத்தா நாம ரெண்டு பேரும் இத்தனை வருஷமா ஊட்டுலயே இருந்திருக்கலாமுங்களே?"

அதன் பிறகு சின்னக்கானல் வரை என் மாத்திரைகளைத் திரும்பத் திரும்ப எண்ணிக்கொண்டு வந்தேன். குமட்டலும் ஒரு காரணம்.

ரிசார்ட்டுக்கு முன்னால் ரோட்டின் நடுவே ஒரு காட்டானை நின்றது. இரண்டு பக்கமும் வண்டிகள் நின்றன. அரை மணி நேரம் அது அசையவில்லை. அதற்கு ஓட்டு இருந்திருந்தால் அவர் இறங்கிப் போய்ப் பேசியிருப்பார். கடைசியில் அதுவே சலித்துத் தேயிலைக்குள் இறங்கியது.

ரிசார்ட் வரவேற்பில் இருந்த பெண், எஸ்டேட் தமிழ்க் குடும்பத்தவர், விஷயத்தைக் கேட்டுவிட்டு வாயில் கை வைத்துக்கொண்டார். "அவரு ஆனை பாக்கணும்னு காலையிலேயே மலைக்கு அங்கிட்டுப் போயிட்டாருண்ணே. ஆனை என்னடான்னா நம்ம கேட்டுக்கு முன்னாடியே கெடக்கு."

இரண்டு மணிக்கு ஆஸ்திரேலியாக்காரர் யானையைப் பார்க்காமல் திரும்பி வந்தார். அரைக்கால் சட்டை, வெயிலில் சிவந்த முழங்கால், ஏறக்குறைய அறுபது வயது. ஐந்து பேர் எழுந்து நின்றதைப் பார்த்து, ஏலக்காய் விற்க வந்திருக்கிறோம் என்று நினைத்து வேண்டாம் வேண்டாம் என்றார். மகள் சொல்லிப் புரியவைத்தாள். சிரித்தார். தேர்தல் பேச்சைக் கேட்காமல் இருக்கத்தான் இந்தியாவுக்கு வந்ததாகச் சொன்னார். அவர் வேறு தொகுதிக்காரர். உறையைப் பார்த்ததும் தொப்பியைக் கழற்றிவிட்டார். அந்த இடத்தில்தான் எனக்கு அவர்மேல் மரியாதை வந்தது.

ஆனால் ஒரு குறை உண்டு என்றார். அவர்கள் ஊரில் ஓட்டுப் போடுகிற இடத்தில் ரொட்டிக்குள் சுட்ட இறைச்சிக் குழல் வைத்து விற்பார்களாம். அது இல்லாமல் தேர்தல் தேர்தலாகவே இல்லையாம்.

"பூத்துக்கு முன்னாடியா?" நம் ஆள் திகைத்தார். "சாப்பாடு போட்டா கேஸ் ஆகாதுங்களா?"

"விக்கறாங்கப்பா, சும்மா குடுக்கறதில்ல."

"எத்தனை மீட்டர் தள்ளி?"

யாருக்கும் தெரியவில்லை. டிரைவர் போய் எதிர்க்கடையில் வாழைப்பழ பஜ்ஜி போன்ற பழம்பொரி வாங்கி வந்தார். ஆஸ்திரேலியாக்காரர் அதை ரொட்டிக்குள் வைத்து மடித்து, மேலே தக்காளி சாஸ் ஊற்றி, கண்ணை மூடிக்கொண்டு கடித்தார். நாகரிகம் கருதி நான் மலையைப் பார்த்தேன்.

நம் ஆள் அதற்குள் வேலையை ஆரம்பித்திருந்தார். தேயிலை அட்டைப்பெட்டி ஒன்றை வாங்கி ஒரு பக்கத்தைக் கிழித்து மேசைமேல் நிறுத்தினார். அது மறைப்பு. எங்கள் எல்லோரையும், சாட்சியையும், வரவேற்புப் பெண்ணையும் சேர்த்து, சுவரைப் பார்த்து நிற்க வைத்தார். ரிசார்ட்டுக்கு அப்போது வந்து இறங்கிய ஒரு தேனிலவு ஜோடியும் என்ன ஏது என்று கேட்காமல் எங்களோடு சுவரைப் பார்த்து நின்றது.

மகள் போனாள், வந்தாள். மருமகன் போனான். வரவில்லை. ஏழு எண்களை எழுத அவ்வளவு நேரம் ஆகாது. "என்னுங்க மாப்ள, பேனா எழுதலீங்களா?" என்று சுவரிடம் கேட்டார் மாமனார். "எழுதுதுங்க மாமா" என்று பெட்டிக்குள்ளிருந்து பதில் வந்தது.

கையெழுத்துகள் ஆயின. அவர் பையிலிருந்து நீல மார்க்கர் பேனாவை எடுத்து மகள் விரலிலும் மருமகன் விரலிலும் கோடு இழுத்தார். ஆஸ்திரேலியாக்காரரும் ஆசையாக விரலை நீட்டினார்.

"நீங்க ஓட்டுப் போடலீங்களே" என்று இவர் பேனாவை மூடிவிட்டார். மகள் எவ்வளவு சொல்லியும் கேட்கவில்லை. அந்தப் பெரிய மனிதரின் முகம் வாடியதைப் பார்க்க எனக்கே கஷ்டமாக இருந்தது.

உறைகளைத் தானே கொண்டுபோய்த் தன் நாட்டில் தபாலில் போடுவதாக அவர் சொன்னார். ஓட்டை வெளியாள் கையில் கொடுப்பதா? நம் ஆள் அவரைத் தனியே அழைத்துப்போய், என்னை மொழிபெயர்க்கச் சொல்லி, எந்தக் கட்சி என்று கேட்டார். எல்லோருமே அயோக்கியர்கள் என்றார் அவர். "அப்படீன்னா குடுக்கலாமுங்க" என்று இவர் உறைகளைக் கொடுத்தார்.

சில நாள் கழித்து மகளின் போனில் ஒரு படம் வந்தது. சிவப்புத் தபால்பெட்டி, அதன் வாயில் பாதி நுழைந்த இரண்டு உறைகள், பிடித்திருக்கிற சிவந்த கை. நம் ஆள் படத்தைப் பெரிதாக்கி, "பூட்டு எங்கீங்க இருக்குது?" என்று தேடினார்.

முடிவு வருவதற்குள் மகளும் மருமகனும் திரும்பிப் போய்விட்டார்கள். அன்று வீடியோவில் கூப்பிட்டார்கள். நானும் அங்கே இருந்தேன். முதல் எண்ணிக்கையில் அந்த அம்மாள் இரண்டாவது இடம்தான். ஒவ்வொருவராக நீக்கிக்கொண்டே வந்ததில் தண்ணீர்க்காரரும் நீங்கினார். அவருடைய சீட்டுகள் போய்ச் சேர்ந்ததும் அம்மாள் முந்திவிட்டார். வார்டு இனி மூடாது என்று மகள் இரண்டு தரம் சொன்னாள்.

பின்னால் சோபாவில் இருந்த மருமகன் தொண்டையைச் செருமினான். "நானும் ரெண்டாவது அவங்களுக்குத்தான் போட்டேன்."

மகள் திரும்பினாள். "ஏழுன்னு சொன்னீங்க?"

"நாலு மணி நேரம் கார் ஓட்டி உன்னைத் தினமும் யாரு கொண்டுபோய் உடறது?"

அவள் அடிக்கக் கை ஓங்கியதும் படம் ஆடிப் போனது.

என்னை வாசல் வரை கொண்டுவந்துவிட அவர் எழுந்து வந்தார். கேட்டில் கை வைத்தபடி நின்றார்.

"பூஜ்யம்னீங்களே மாஷே. ரெண்டும் ஒரே கட்டுலயில்ல போய்ச் சேந்திருக்குது."

எனக்குக் கணக்கில் தோற்றுப் பழக்கமில்லை. அது அவர்கள் ஊர்க் கணக்கு என்றேன்.

"நம்ம மெஷின்ல அப்படி நம்பர் இருந்தா, என்ற கட்சிக்கு எத்தனாவது போடுவீங்க?"

"கடைசி."

"எத்தனை பேரு நின்னாலுமா?"

"எத்தனை பேர் நின்னாலும்."

அவர் சிரித்தார். "ஆனா காலியா உடமாட்டீங்கல்ல. அது போதுமுங்க."

மறுவருடம் மழைக்காலத்தில் அவர் போய்ச் சேர்ந்தார். தூக்கத்தில், யாரையும் எங்கும் ஏற்றிப் போகாமல் அவர் செய்த ஒரே பயணம். அதன்பின் சில மாதத்தில் எங்கள் வார்டு மெம்பர் வேலை கிடைத்து ராஜினாமா செய்ய, உபதெரஞ்செடுப்பு வந்தது. நான் ஏஜென்ட் வேலையை விட்டாயிற்று. முழங்கால் வலி. காலை முழுக்க வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தேன். ஆட்டோக்கள் போயின, வந்தன. ஒன்றும் நிற்கவில்லை. மூன்று மணிக்கு நானே எழுந்து நடந்தேன்.

பெஞ்சில் அவர் இடத்தில் வேறொருவர் உட்கார்ந்து போனைப் பார்த்துக்கொண்டிருந்தார். என் விரலில் மை வைத்தார்கள். மறைப்புக்குள் போனேன். மெஷினில் நான்கு பெயர்கள், நான்கு சின்னங்கள். என் சின்னத்துக்கு எதிரே உள்ள பொத்தானை அழுத்தினேன். பீப் என்று நீளமாக ஒலித்தது. அது நிற்பதற்குள், அவருடைய சின்னத்தின்மேல் மை விரலை வைத்து, வாய்க்குள்ளேயே, "ரெண்டு" என்றேன்.

"மாஷே, முடிஞ்சுதுங்களா?" என்று பெஞ்சிலிருந்து குரல் வந்தது.

மீதி இரண்டு பேருக்கும் மூன்று, நான்கு சொல்லிவிட்டுத்தான் வெளியே வந்தேன். காலியாக விட்டால் அசாது.